தேனு சொன்ன பொய்

போன வாரம் மணிமொழியை எங்கே விட்டோம் என்று யாரும் பழைய இதழைத் தேட வேண்டாம். திருவண்ணாமலை வேங்கிக்கால் வீட்டு மொட்டை மாடியில், காய்ந்த துணியை மடித்துக்கொண்டே, ஓரகத்தி கவிநிலாவிடம் ஒரு விஷயத்தை எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வாரமும் அதே ஒத்திகைதான். மாடிக்குப் பதிலாக வேன்.

விஷயம் புதிதாக வருகிறவர்களுக்கும் தெரியட்டும். கொழுந்தன் மாறன் மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன். அவன் மனைவி கவிநிலா நர்ஸ். கடலூர்ப் பக்கம் கடலோரக் கிராமம் ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தாள். ராத்திரி டியூட்டியும் கைக்குழந்தையும் ஒத்துவராது என்று, தேனுவைப் பால் மறந்த கையோடு மணிமொழியிடம் கொண்டுவந்து விட்டாள். மணிமொழிக்கும் அன்பரசனுக்கும் குழந்தை இல்லை. தேன்மொழி என்று பெயர் வைத்ததே மணிமொழிதான், தன் பெயரோடு சேர்ந்து ஒலிக்கட்டும் என்று.

இப்போது தேனு நாலாம் வகுப்பு. கவிநிலாவுக்கு வேலூருக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. அங்கே வீடு பார்த்தாயிற்று, பள்ளிக்கூடத்தில் பேசியாயிற்று. முழுப் பரீட்சை முடிந்ததும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாள்.

‘பத்தாவது முடிக்கிற வரைக்கும் அவ இங்கயே இருக்கட்டும், கவி.’ இவ்வளவுதான் மணிமொழி கேட்க வேண்டியது. இந்த ஒரு வரிக்குத்தான் இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது.

வழி சொன்னது அன்பரசன். அவர் கலெக்டர் ஆபீஸ் கிளார்க். எதையும் நல்ல நேரம் பார்த்து மேலே அனுப்பத் தெரிந்தவர். நம்ம நடைக்காரங்க டூருக்கு அவளையும் கூப்பிடு, நாலு பேரோட சிரிச்சுப் பேசி மனசு லேசா இருக்கும்போது கேளு என்றார்.

நடைக்காரர்கள் என்றால் வேங்கிக்காலில் தெரியாதவர்கள் இல்லை. விடிவதற்கு முன்பே கலெக்டர் ஆபீஸ் ரோட்டில் மப்ளரும் மங்கி குல்லாவுமாக நடக்கிற கூட்டம். சர்க்கரை, பிரஷர், முட்டிவலி என்று ஆளுக்கொரு காரணம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சேர்ந்து மலையைச் சுற்றுவார்கள். மார்கழியில் அரையாண்டு லீவு விட்டதும் வேன் பிடித்து எங்காவது போய் நடந்துவிட்டு வருவார்கள். போன வருஷம் ஜவ்வாது மலை. இந்த வருஷம் கடல்.

கீழ்பென்னாத்தூர் காசிம் பாயின் வேன் பனியில் புறப்பட்டது. தேனு யார் பக்கத்தில் உட்காருவாள் என்று மணிமொழி வேன் ஏறும்போதே பார்த்தாள். தேனு ஜன்னலோரம் ஓடினாள். அவளுக்குப் பக்கத்தில் கவிநிலா உட்கார்ந்தாள். மணிமொழிக்குக் கிடைத்தது புளியோதரைத் தூக்கின் பக்கத்து இடம்.

அது போகட்டும். தேனுவின் தலையைப் பார்த்ததும்தான் அவளுக்குச் சுருக்கென்றது. தினமும் எண்ணெய் வைத்து, ரிப்பன் வைத்து அவள் பின்னுகிற ரெட்டை ஜடை அன்றைக்கு இல்லை. கவிநிலா தூக்கி வாரி ஒற்றைக் குதிரைவால் போட்டிருந்தாள். அது குழந்தைக்கு நன்றாகவும் இருந்தது. நன்றாக இல்லாமல் இருந்தால் மணிமொழி மன்னித்திருப்பாள்.

காலில் வேறு புது ஷூ. வெள்ளைக் கேன்வாஸ், பக்கவாட்டில் நீலக் கோடு. வேலூரிலிருந்து வாங்கி வந்தது. தேனு வழியெல்லாம் காலை ஆட்டி ஆட்டி அதைப் பார்த்துக்கொண்டாள்.

“பெரிம்மா, இதப் பாத்தியா? அடியில கூட நீலம்.”

வீட்டில் அவள் மணிமொழியை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். பெற்றவள் கவிம்மா. கவிநிலா பக்கத்தில் இருக்கும்போது மட்டும், யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே, கொஞ்ச நாளாக இந்தப் பெரிம்மா வந்திருந்தது. மணிமொழி பார்த்தேன் என்று சொல்லிவிட்டு, தூக்கின் மூடி சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

மரக்காணம் தாண்டி ஒரு மீனவர் குப்பத்தின் ஓரம் காசிம் பாய் வேனை நிறுத்தினார். முந்தின நாள் மழை. வானம் இன்னும் மூட்டமாகவே இருந்தது. இறங்கியதும் எல்லோரும் ஒரு காரியம் செய்தார்கள். ஒருவர் கூட யோசிக்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினார்கள்.

திருவண்ணாமலைக்காரர்கள் அப்படித்தான். நாலு பேர் சேர்ந்து நடப்பது என்றால் அது வெறுங்காலில் நடப்பது. மலையைச் சுற்றிச் சுற்றிக் காலுக்கு வந்த பழக்கம், கடலைக் கண்டால் மாறுமா?

கவிநிலா மட்டும் கழற்றவில்லை. கடலோரத்தில் வேலை பார்த்தவள். மணல் சரி, உள்ளே போனால் கிளிஞ்சல் கிழிக்கும், எல்லாரும் போட்டுக்கங்க என்றாள். நடைக்காரர்களின் தலைவர் தசரதன் தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில் கட்டியிருந்தார். அவர் பெரியமனுஷச் சிரிப்பு ஒன்று சிரித்தார். கிரிவலப் பாதையில் வெயில் காலத்தில் தார் உருகும்போதே நடந்த கால் இது, கிளிஞ்சல் என்ன செய்யும் என்றார். டீச்சர் சரோஜாவும் சிரித்தாள். கவிநிலா பாதை விசாரிக்க டீக்கடைப் பக்கம் போனாள்.

வேனில் தேனு மட்டும் இருந்தாள். மணிமொழி உள்ளே தலையை நீட்டினாள்.

“நம்ம ஆளுங்க யாராவது ஷூ போட்டுக்கினு நடக்கறாங்களா பாரு. கழட்டிடு.”

“கவிம்மா போட்டுக்கச் சொன்னாங்க.”

“கவிம்மா வெளியூர்ல இருந்தவங்க. நீ நம்மூருதான?”

தேனு டீக்கடைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு லேஸை அவிழ்த்தாள். மணிமொழி அந்த ஷூவை வாங்கி, தன் செருப்புக்குப் பக்கத்தில் சீட்டுக்கு அடியில் ஆழமாகத் தள்ளினாள். ஒன்பது வயசுக் குழந்தையின் ஷூவை ஜெயித்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. வெட்கப்பட வேண்டிய சந்தோஷம்தான். அவள் வெட்கப்படவில்லை.

கடற்கரையில் முதல் பாதி நன்றாகவே போனது. வாடைக் காற்று, ஈர மணல், வலைகளுக்கு நடுவே நண்டு. மலையடிவாரத்து மனிதர்கள் கடலைப் பார்த்ததும் குழந்தைகளாகி, சேலையையும் வேட்டியையும் தூக்கிக்கொண்டு அலையில் நின்றார்கள். அன்பரசன் கூட நின்றார்.

கவிநிலா ஷூவைக் கழற்றி மணலில் வைத்துவிட்டுத் தேனுவின் கையைப் பிடித்து அலைக்குள் ஓடினாள். அலை எப்போது வரும், எப்போது குதிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் சொன்ன நொடியில் தேனு குதித்தாள். குளத்துப் படியில் கூட மணிமொழியின் முந்தானையை விடாத பெண், இங்கே பயமில்லாமல் கத்திச் சிரித்தாள். இருவர் சிரிப்பும் ஒன்றாக இருந்தது. மேல் ஸ்தாயியில் ஏறி, அங்கேயே உடைகிற சிரிப்பு. இத்தனை வருஷமாகத் தேனு மட்டுமே அப்படிச் சிரிப்பாள் என்று மணிமொழி நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கரையில் துண்டை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அச்சு அசல் அம்மாவேதான், பாருங்க” என்றாள் சரோஜா டீச்சர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கு நல்ல எண்ணத்தில்தான் இப்படியெல்லாம் வாயில் வரும்.

இருவரும் அலையிலிருந்து ஏறி வந்தபோது ஈர மணலில் சுவடு பதிந்தது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டிலும் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். தேனுவின் கால் நகத்தை வாராவாரம் வெட்டி விடுகிறவள் மணிமொழி; அந்த விரல் யாருடையது என்று அவள் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. யாரும் பார்க்காதபோது அந்தச் சுவடுகளின் மேல் நடந்து அவற்றைக் கலைத்தாள். சிறியதையும் சேர்த்துத்தான் கலைக்க வேண்டியிருந்தது.

புளியோதரை சாப்பிடும்போது கேட்டுவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டிருந்த கவிநிலா நல்ல மனநிலையில் இருந்தாள். நீங்க செய்யற புளியோதரை ருசி எனக்கு வரவே வராதுக்கா என்றாள். வாய் வரைக்கும் வந்த வரியை மணிமொழி சொல்லப் போகிற நேரம் பார்த்து தசரதன் விசிலை ஊதினார்.

திரும்பும் வழியில்தான் தகராறு. டீக்கடைக்காரர் கவிநிலாவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: கரையோரமா போங்க, அதே கரையோரமா திரும்பி வாங்க, உள்ளாற போகாதீங்க, கழிமுகத்துச் சேறு. கவிநிலா அதை எல்லோருக்கும் சொன்னாள்.

தசரதன் ஒப்புக்கொள்ளவில்லை. போன வழியே திரும்புகிற வழக்கம் நமக்குக் கிடையாது என்றார். அவர் கணக்கு எளிமையானது. இடது கைப் பக்கம் கடல். வலது கைப் பக்கம் சவுக்குத் தோப்புக்கு அப்பால் உப்பங்கழித் தண்ணீர். மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறோம் இல்லையா? அதே மாதிரி தண்ணீரை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றினால் வேன் நிற்கிற இடம் வந்துவிடும். சுற்றி வருவதுதான் முறை, நிறைவு என்றார்.

கேட்கிறவர்கள் வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் சிரித்திருப்பார்கள். இவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். மணிமொழி எல்லோரையும்விட வேகமாக ஆட்டினாள், கவிநிலா வேண்டாம் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக.

மலை ஓரிடத்தில் நிற்கும். தண்ணீர் அப்படி நிற்காது. தோப்பைத் தாண்டியதும் கழி ஒன்று இரண்டாகப் பிரிந்தது, பிறகு எந்தத் தண்ணீரை வலது கையில் வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. தாழம்புதர் வழியை மறித்தது. தரை முதலில் ஈரமாக இருந்தது, பிறகு சேறாக இருந்தது, பிறகு கணுக்கால் வரை விழுங்கியது. சரோஜா டீச்சரின் புடவை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. தசரதன் வழி கேட்பது போல விசில் ஊதிக்கொண்டே போனார். நாரைகள்தான் எழுந்து பறந்தன.

தேனு கத்தவில்லை. நடந்தவள் நின்றாள், அவ்வளவுதான். மணிமொழி திரும்பிப் பார்த்தபோது குழந்தை ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். சேற்றுக்கு நடுவே சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது.

மணிமொழி ஓடிப்போய் அவளைத் தூக்கினாள். தூக்கிய கனத்தில் அவள் வெறுங்கால் முழங்கால் வரை இறங்கியது. இழுத்தால் வரவில்லை. தேனுவைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தாள்.

“அக்கா, குடுங்க.”

கவிநிலா ஷூக்காலை அகட்டி வைத்து நின்றிருந்தாள். கையை நீட்டினாள். கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. கொடுத்தாள். சேற்றில் மாட்டிக்கொண்ட நிலையில், குழந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதை மணிமொழி பார்த்தாள். வயிறு எரிந்தது. குழந்தைக்கு ரத்தம் வழிகிறபோதும் இப்படி எரிகிறதே என்று அதற்காகவும் சேர்த்து எரிந்தது.

மேட்டில் உட்காரவைத்து, குடிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவினாள் கவிநிலா. உள்ளங்காலின் வளைவில் கிளிஞ்சல் ஆழமாகக் கிழித்திருந்தது. தோள்பையிலிருந்து பஞ்சு, டெட்டால், கட்டுத்துணி எல்லாம் வந்தன. மணிமொழியைச் சேற்றிலிருந்து இழுத்துவிட்ட அன்பரசன் குழந்தையின் முதுகைத் தாங்கிப் பிடித்தார். கவிநிலா கட்டுப் போட்டு முடிச்சை இறுக்கினாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“ஷூ எங்க, தேனு?”

நடைக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றிருந்தார்கள். நான்தான் என்று சொல்ல மணிமொழிக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. தேனு அவளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பெற்றவளை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“நானே கழட்டிட்டேன். ஜாஸ்தி கடிச்சுது.”

புது ஷூ கடிக்கத்தான் செய்யும் என்றாள் சரோஜா டீச்சர்.

கவிநிலா பஞ்சைப் பொட்டலம் கட்டினாள்.

ஒரு வழியாக மாடு தேடி வந்த குப்பத்துக்காரர் ஒருவர் அவர்களைப் பழைய கரைக்கே கொண்டுவந்து விட்டார். வந்த வழியேதான் திரும்பினார்கள். தசரதன் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அன்பரசன் தேனுவை முதுகில் சுமந்து வந்தார்.

வேனில் கடைசி சீட்டைத் தேனுவுக்காக ஒழித்துக் கொடுத்தார்கள். மணிமொழி முந்திக்கொண்டு ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, குழந்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கட்டுப்போட்ட கால் உயரமாக இருக்க வேண்டும் என்று கவிநிலா மறு ஓரத்தில் உட்கார்ந்து அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

திண்டிவனம் வரும் வரை மணிமொழி ரகசியமாக ஒரு இனிப்பைச் சப்பிக்கொண்டு வந்தாள் என்றே சொல்ல வேண்டும். குழந்தை எனக்காகப் பொய் சொன்னாள். அடிபட்டுக் கிடக்கும்போதும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஷூ வாங்கிக் கொடுக்கட்டும், குதிரைவால் போடட்டும், கடலில் குதிக்கக் கற்றுக்கொடுக்கட்டும், கடைசியில் அவள் நின்றது என் பக்கம். குற்ற உணர்ச்சியும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அது பின் வரிசையில் உட்கார்ந்திருந்தது.

திண்டிவனத்தில் ஊசி போட்டாயிற்று. மறுபடியும் தேனுவைப் படுக்கவைத்துவிட்டு மற்றவர்கள் டீ குடிக்க இறங்கினார்கள். சாயங்கால வெயில் வேனுக்குள் சாய்வாக விழுந்தது. தேனு கண்ணை மூடியிருந்தாள். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று மணிமொழிக்குத் தோன்றியது. குழந்தை யார் பக்கம் என்று இன்றைக்கு அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. இப்போது கேட்டால் என்ன?

“கவி...”

“நீங்கதானக்கா கழட்டச் சொன்னீங்க?”

கவிநிலாவின் குரலில் கோபம் இல்லை. வார்டில் நோயாளியிடம் எத்தனை நாளா காய்ச்சல் என்று கேட்கிற குரல். மணிமொழி மறுக்க வாயெடுத்தாள். மடியில் இருந்த தலை கனத்தது.

“ஆமா” என்றாள்.

“டீக்கடையில இருந்து பாத்துக்கினுதான் இருந்தேன். வந்து திரும்பப் போட்டு விட்டிருக்கலாம். நானும் போடல. நீங்க சொன்னத கேக்கறாளா, நான் சொன்னத கேக்கறாளான்னு பாக்கணும்னு இருந்துச்சு.” கவிநிலா கட்டின் மேல் விரலை வைத்துத் தடவினாள். “அதுக்கு இந்தக் காலு.”

மணிமொழி அந்த விரலையே பார்த்தாள். தான் மட்டும்தான் இந்தக் குழந்தையை இழுத்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தாள்.

“என் மூஞ்சியப் பாத்து பொய் சொன்னா பாருங்க. கண்ணு கூட சிமிட்டல. எனக்காக அவ இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்லக்கா. நான் கேட்டா பதில் சொல்லுவா. தண்ணி வேணுமான்னு கேப்பா. கவிம்மா தேங்க்ஸ்னுவா. உங்ககிட்ட எப்பவாவது தேங்க்ஸ் சொல்லியிருக்காளா?”

இல்லை. ஒரு நாளும் இல்லை. அதற்காக மணிமொழி எத்தனை தரம் அவளைத் திட்டியிருக்கிறாள்.

“எனக்கு உங்க மேல கோபமில்ல. வயித்தெரிச்சல்தான்” என்றாள் கவிநிலா. “முழுப் பரீட்சை வரைக்கும்னு சொன்னேன் இல்ல? அது முடியாதுக்கா. பொங்கல் முடிஞ்சதும் கூட்டிக்கினு போறேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டா அவளுக்கு நான் வெறும் விருந்தாளிதான்.”

வெளியே காசிம் பாய் ஹாரன் அடித்தார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தலை ஒரு மடியிலும் கால் ஒரு மடியிலுமாகக் கிடந்தவளைப் பார்த்துவிட்டு, “அசந்து தூங்கறா, பாவம்” என்றார் அன்பரசன். கவிநிலாவும் ஆமாம் மாமா, ஊசி அசதி என்றாள்.

மணிமொழி மடியைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவள் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற குழந்தை. தூங்கும்போது வாய் லேசாகத் திறந்துகொள்ளும், மூச்சு விட்டு விட்டு வரும், மூன்றாவது மூச்சுக்கு ஒரு சின்னப் பெருமூச்சு கலந்திருக்கும். இப்போது உதடு இறுக மூடியிருந்தது. மூச்சு சத்தமே இல்லாமல், அளந்து அளந்து வந்துகொண்டிருந்தது.

தேனு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெற்றவள் அது தெரியாமல் அவள் காலை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தாள். சொல்லலாமா என்று மணிமொழி ஒரு கணம் நினைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தேனுவின் முகத்தை மூடினாள். இந்த ஒன்றையும் கவிநிலாவுக்குக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.